கும்முனு இருக்கிற பேஸ்: புது இயர்போனை முதன்முதலில் கேட்கும்போது காதுக்குள் நடப்பது

குடியாத்தத்தில் இருந்து அக்கா மகன் வந்திருந்தான். புதிதாக வாங்கிய இயர்போனை என் கையில் திணித்து, "மாமா, சும்மா கும்முனு கீது, கேட்டுப் பாருங்க" என்றான். காதில் வைத்தேன். கும்முனு எதுவும் கேட்கவில்லை. தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவதுபோல் மெலிந்து கேட்டது. அவன் எட்டி வந்து, என் காதில் இருந்ததை விரலால் லேசாக உள்ளே அழுத்தினான். அந்த நொடியே பாட்டுக்கு அடியில் தரை போட்டதுபோல் பேஸ் வந்து உட்கார்ந்தது. விரலை எடுத்ததும் போய்விட்டது.

அவனோடு வந்த நண்பன் அதையே வாங்கிக் கேட்டுவிட்டு, "பேஸ் ரொம்ப ஓவர், பாடுறவர் குரலே அமுங்கிப் போச்சு" என்றான். ஒரே கருவி, ஒரே பாட்டு, மூன்று பேருக்கு மூன்று தீர்ப்பு. மூன்று பேரும் காதில் கேட்டதைத்தான் சொன்னோம்.

பேஸ் என்ற சொல்லை நாம் எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். சத்தம் அதிகமாக இருந்தால் பேஸ். ஜன்னல் அதிர்ந்தால் பேஸ். கனத்த குரல் உள்ளவரை "பேஸ் வாய்ஸ்" என்கிறோம். கடைக்காரர் "பேஸ் செமையா இருக்கும் சார்" என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது ஒன்று, நாம் புரிந்துகொள்வது இன்னொன்று. பேஸ் தூக்கலான இயர்போனை வாங்கி ஒரு வாரத்தில் மேஜை டிராயரில் போட்டுவிடுபவர்கள் பலர். அவர்களுக்காகவும், வாங்கப் போகிறவர்களுக்காகவும் அடிப்படையில் இருந்து எழுதுகிறேன்.

## தூரத்துத் திருவிழாவின் டும் டும்

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் வந்தால் ஏதாவது ஓர் ஊரில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா நடந்துகொண்டே இருக்கும். ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருப்பீர்கள். இரண்டு தெரு தள்ளி மைக்செட் ஓடுகிறது. என்ன பாட்டு என்று தெரியாது, பாடுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆனால் டும், டும், டும் என்று ஓர் அடி மட்டும் வந்துகொண்டே இருக்கும். எழுந்து அந்தத் தெருவுக்கே போனால்தான் குரலும் வார்த்தையும் கேட்கும்.

இந்த டும் டும்தான் பேஸ். பாட்டின் மிகத் தாழ்ந்த பகுதி. வீட்டுச் சுவர், மரம், வளைவு எதுவாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. உயர்ந்த ஒலியோ சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடுகிறது. இப்படி ஏன் என்பது தெரிந்தால் இயர்போனின் பாதி ரகசியம் தெரிந்த மாதிரி.

குழாயடியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்தவர்களுக்கு எட்டிப் பார்க்காமலே குடம் நிறையப் போவது தெரியும். காலிக் குடத்தில் தண்ணீர் விழும்போது "தொளதொள" என்று தாழ்ந்த சத்தம். நிறைய நிறைய அது மெலிந்து, உயர்ந்து, கடைசியில் "கிளுக்" என்று முடியும். உள்ளே அதிரும் காற்று நிறைய இருந்தால் ஒலி தாழ்கிறது. காற்று குறையக் குறைய ஒலி உயர்கிறது. பெரிய காற்று மெதுவாக அசைகிறது, சின்னக் காற்று வேகமாக அசைகிறது, அவ்வளவுதான்.

ஒரு விநாடியில் எத்தனை முறை அசைகிறது என்ற எண்ணுக்குப் பெயர் அதிர்வெண். அதை அளக்கும் அலகு ஹெர்ட்ஸ். நல்ல இளங்காதுக்குச் சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இதில் அடியில் உள்ள 20 முதல் 250 வரையிலான பகுதியைத்தான் பொதுவாகப் பேஸ் என்கிறார்கள். பேச்சுக்குரலின் தெளிவும் பெரும்பாலான வாத்தியங்களின் உடம்பும் இருக்கும் நடுப்பகுதி மிட். அதற்கு மேலே ஜால்ரா, 'ஸ', 'ஷ' எழுத்துகளின் உரசல் எல்லாம் இருக்கும் பகுதி ட்ரெபிள்.

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர் வருகிறது. 10,000 ஹெர்ட்ஸ் அலை மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஏழு மீட்டர் அலைக்குத் தெருமுனைச் சுவர் ஒரு தடையே இல்லை, வளைந்து வந்துவிடும். மொட்டைமாடிக்கு டும் டும் மட்டும் வந்து சேர்வது இதனால்தான்.

இதுவரை சொன்னது: பேஸ் என்பது சத்தத்தின் அளவு இல்லை, ஒலியின் தாழ்ந்த பகுதி. மெதுவாகவும் பேஸ் ஒலிக்கலாம், பேஸே இல்லாமல் காதைக் கிழிக்கவும் செய்யலாம். கூம்பு ஒலிபெருக்கி அப்படித்தான்: மலை மேல் கட்டினால் ஊருக்கே கேட்கும், பேஸ் என்று பெயருக்குக்கூட இருக்காது.

## சைக்கிள் பம்பும் காதுத் துளையும்

ஏழு மீட்டர் அலையை விரல் நகம் அளவு கருவி எப்படி உண்டாக்குகிறது? மைக்செட்காரர் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கிச் செய்யும் வேலை இது.

இயர்போனுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு டிரைவர் என்று பெயர். ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அதில் ஒட்டிய மெல்லிய சவ்வு. மின்சாரம் வந்து போகும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது, சவ்வு காற்றைத் தள்ளி இழுக்கிறது. திறந்தவெளியில் இந்தச் சவ்வால் பேஸ் தரவே முடியாது. இயர்போனைக் காதில் இருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கேளுங்கள். கொசு பாடுவதுபோல் இருக்கும்.

இப்போது சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையைத் திறந்து விட்டு அடித்தால் காற்று புஸ்ஸென்று வெளியே போகும், கைக்கு எந்த எதிர்ப்பும் தெரியாது. கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு அடியுங்கள். கொஞ்சம் தள்ளினாலே விரல் விம்மும். தள்ளியது அதே பம்புதான், அடைத்ததால் அழுத்தம் உண்டாகிறது.

காதிலும் இதேதான். இயர்போன் முனையில் இருக்கும் ரப்பர் காதுத் துளையை அடைக்கிறது. உள்ளே மிச்சம் இருப்பது ஒரு சின்ன ஸ்பூனைக்கூட நிறைக்காத அளவு காற்று. அந்தக் கொஞ்சக் காற்றை அமுக்கி விடுவதற்கு நகம் அளவு சவ்வு தாராளமாகப் போதும். செவிப்பறை நேராக அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது.

ரப்பருக்கும் காதுக்கும் நடுவில் நூல் அளவு இடைவெளி இருந்தால்? பம்பின் ஓட்டை திறந்துகொண்டது. மெதுவாக அசையும் பேஸ் அழுத்தம் கசிந்து வெளியேறிவிடும், வேகமாக அசையும் ட்ரெபிளுக்குக் கசிய நேரம் இல்லை, அது அப்படியே கேட்கும். அக்கா மகன் விரலால் அழுத்தியபோது பேஸ் வந்ததும், விரலை எடுத்ததும் போனதும் இதனால்தான். அவன் காதுக்கு நடுத்தர ரப்பர் சரியாக இருந்தது, என் இடது காதுக்குப் பெரியது வேண்டியிருந்தது. வலது காதுக்கு நடுத்தரமே போதும். இரண்டு காதும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பெட்டியோடு வரும் மூன்று ஜோடி ரப்பரைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் பிரியுங்கள்.

சோதிப்பது சுலபம். பேஸ் நன்றாக இருக்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் குதித்து ஏறினால் ரப்பர் சரியில்லை. அழுத்தினாலும் பெரிதாக மாறவில்லை என்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. மென்றுகொண்டோ பேசிக்கொண்டோ இதைச் செய்யாதீர்கள். தாடை அசைந்தால் காதுத் துளையின் வடிவமும் மாறும். நம் வேலூர் வெயிலில் இன்னொரு தொல்லை உண்டு. சித்திரை, வைகாசியில் வியர்வை ஊறி, காலையில் இறுக்கமாக இருந்த ரப்பர் மதியம் வழுக்கும். "மத்தியானம் சவுண்டு போயிடுச்சு" என்று கடைக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் காதையும் ரப்பரையும் துடைத்துவிட்டு ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் 10 மி.மீ. டிரைவர், 13 மி.மீ. டிரைவர் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் பேஸ் நன்றாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. ரப்பரின் அடைப்பு, இயர்போனின் வெளிக்கூட்டின் உள்வடிவம், காற்றுக்கு விட்டிருக்கும் துளை, எந்தப் பகுதியை எவ்வளவு தூக்கலாம் என்று தயாரித்தவர் எடுத்த முடிவு, இவை எல்லாம் சேர்ந்துதான் பேஸைத் தீர்மானிக்கின்றன.

## அடி பேஸ், மேல் பேஸ்

பேஸ் பகுதிக்குள்ளேயே இரண்டு மாடி இருக்கிறது. இங்கேதான் பெரும்பாலான குழப்பமும்.

20 முதல் சுமார் 60 ஹெர்ட்ஸ் வரை உள்ள கீழ் மாடியை அடி பேஸ் என்று வைத்துக்கொள்வோம். இதைச் சுருதியாகக் கேட்பதைவிட அதிர்வாக உணர்வதுதான் அதிகம். கல் ஏற்றிய லாரி வீட்டைக் கடக்கும்போது பாத்திர அலமாரி நடுங்குமே, அந்த மாதிரி. 60 முதல் 250 வரை உள்ளது மேல் பேஸ். மேளத்தின் அடி, பேஸ் கிட்டாரின் நடை, ஆண் குரலின் கனம் எல்லாம் இங்கே.

குறைந்த விலையில் "பவர்ஃபுல் பேஸ்" என்று வருபவற்றில் பல இந்த மேல் பேஸைத்தான் தூக்கிவிடுகின்றன. கடையில் ரெண்டு நிமிடம் கேட்கும்போது கும்மென்று அசத்தும். ஆனால் ஆண் குரலும் இதே மாடியில் குடியிருப்பதால், அதைத் தூக்கினால் குரலும் சேர்ந்து தடித்துவிடும். பாடுபவர் போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கும். அடி பேஸை மட்டும் தூக்கிய இயர்போன் முதல் கேட்பில் அவ்வளவு அசத்தாது. ஆனால் குரலைத் தொடாது. நாள்பட அதுதான் காதுக்கு இதமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

குரல் அமுங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தைக் காதுக்கு எட்டாமல் செய்வதற்கு மறைப்பு என்று பெயர். தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருக்கும் ஒலியைச் சுலபமாக மறைக்கும், உயர்ந்த ஒலியால் கீழே இருப்பதை அவ்வளவாக மறைக்க முடியாது. இதற்குக் காரணம் நம் உள்காதின் அமைப்பு. நத்தை ஓடு போல் சுருண்ட குழல் அது. அதன் வாசலில் உயர்ந்த ஒலிகளை வாங்கும் இடம், கடைக்கோடியில் தாழ்ந்த ஒலிகளை வாங்கும் இடம். ஒலி உள்ளே அலையாக நகர்ந்து போவதைக் கண்டு சொன்னதற்காக கியார்க் வான் பெக்கேசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாழ்ந்த ஒலி கடைக்கோடிக்குப் போக வேண்டுமானால் வாசலில் இருந்து எல்லா இடத்தையும் அசைத்துக்கொண்டுதான் போக வேண்டும். தேர் நிலைக்குப் போகும் வழியில் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுத் திண்ணையும் அதிர்கிறதல்லவா, அதுபோல.

சுருக்கமாக: பேஸ் அதிகமாக இருப்பதும் பேஸ் நன்றாக இருப்பதும் வேறு வேறு. எந்த மாடியில் தூக்கியிருக்கிறார்கள், அது மேலே இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்காகப் பேஸ் தூக்கலாக இருந்தாலே மட்டம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆண்டுகளாக, பிராண்டு தெரியாமல் ஆட்களுக்குக் கேட்கக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் விரும்பியது ஓரளவு தூக்கிய பேஸைத்தான். திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் முன்னால் நின்றால் நெஞ்சுக்கூடு அதிரும், காலடியில் தரை அதிரும். இயர்போன் செவிப்பறையை மட்டும்தான் தொடுகிறது, உடம்பு சும்மா இருக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதல் பேஸ் கேட்பது காதின் நியாயமான ஆசை. ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய் தொக்கு வேண்டும்தான், ஆனால் சீரகச் சம்பாவின் வாசம் தெரியாத அளவுக்கு ஊற்றக் கூடாது.

## முதல் பத்து நிமிடம் ஏன் ஏமாற்றும்

முதல் காரணம் சத்தம். இரண்டு இயர்போனை மாற்றி மாற்றிக் கேட்டால், கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று மனம் சொல்லும். வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தாலும்கூட. அதிலும் பேஸ் விஷயத்தில் காது இன்னும் மோசமாக ஏமாறும். 1933-இல் அமெரிக்காவில் ஹார்வி ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர், ஒவ்வொரு அதிர்வெண்ணையும் ஒரே அளவாகக் கேட்க எவ்வளவு சத்தம் வேண்டும் என்று அளந்தார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் பிடிபடுவதே கஷ்டம். சத்தம் ஏற ஏறப் பேஸ் மற்றவற்றைவிட வேகமாக ஏறி வரும். ராத்திரி குழந்தை தூங்குகிறது என்று டிவியைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது பின்னணி இசையின் அடிதான், கவனித்திருப்பீர்கள். கடையில் முழுச் சத்தத்தில் கேட்ட இயர்போன் வீட்டில் வேறு மாதிரி இருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது, அதற்கு முன் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது. வெல்லம் தின்றுவிட்டுக் காபி குடித்தால் காபி கசக்கும். ஒரு வருடமாகப் பேஸ் தூக்கலான இயர்போனில் ஊறிய காதுக்குச் சமநிலையானது சப்பென்று இருக்கும். மூன்று நான்கு நாள் போனால் அதே காது அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். "அம்பது மணி நேரம் ஓடவிடுங்க சார், அப்புறம் சவுண்டு திறக்கும்" என்று சொல்வார்கள். அந்த நாட்களில் பெரும்பாலும் பழகிக்கொண்டது நம் காதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது சுற்றுச் சத்தம். காட்பாடியில் ஏறிச் சென்னை வரை சுமார் 130 கிலோமீட்டர், நான் அடிக்கடி போகும் வழி. ரயிலின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலி. காது ரப்பர் உயர்ந்த சத்தத்தை நன்றாகத் தடுக்கும், தாழ்ந்த சத்தத்தைத் தடுப்பது அதைவிடக் குறைவு. ஆகவே ரயிலின் கடகடப்பு உள்ளே வந்து பாட்டின் பேஸை மறைத்துவிடும். வீட்டில் "ஓவர்" என்று தோன்றிய பேஸ் வாலாஜா ரோடு தாண்டும்போது சரியான அளவாக இருக்கும். ஆகவே முதல் கேட்பை எங்கே கேட்டோம் என்று சொல்லாமல் தீர்ப்புச் சொன்னால் அது பாதித் தீர்ப்புத்தான்.

## பாட்டுக்குப் பாட்டு

அக்கா மகனிடம் அந்த இயர்போனை ஒரு வாரம் கடன் வாங்கி, சரியான ரப்பரைப் போட்டு, ராத்திரி அமைதியில் ஒவ்வொரு வகையாகக் கேட்டேன். பேஸ், முக்கியமாக மேல் பேஸ், தூக்கலான இயர்போன் அது.

மிருதங்கத்தில் தொடங்கினேன், ஏனென்றால் பேஸ் என்றால் என்ன என்று அந்த வாத்தியமே செய்துகாட்டும். கச்சேரிக்கு முன் வித்வான் ரவையைத் தண்ணீரில் பிசைந்து இடது பக்கமான தொப்பியின் நடுவில் அப்புவார். கட்டைவிரலால் அழுத்தி, வட்டமாக வழித்து, ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். தோலின் மேல் எடை ஏறுவதால் அது மெதுவாக அசைகிறது, ஒலி தாழ்கிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். வலது பக்கமான வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கருப்புக் கரணையின் வேலை வேறு. சாதாரண மேளத்தோலின் ஒலிகள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாக இருக்கும், கரணை அவற்றைச் சுருதிக்குள் கொண்டுவந்துவிடுகிறது. 1920-இல் சி.வி. ராமன் நேச்சர் இதழில் எழுதியது இதைப் பற்றித்தான்.

ஆக ஒரே வாத்தியத்தில் ஒரு பக்கம் பேஸ், மறுபக்கம் சுருதி. இயர்போனுக்கு இதைவிடக் கறாரான பரீட்சை எனக்குத் தெரியவில்லை. தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும் கும்கியைக் கவனித்துக் கேளுங்கள். நல்ல பேஸில் அது சறுக்குமரம்போல் ஏறி இறங்குவது தெரியும். நான் கேட்டதில் முதல் நாள் கும்கி பெரிதாக, அழகாக இருந்தது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன், எல்லாக் கும்கியும் ஒரே உருண்டையாக "பூம்" என்று வந்து விழுகிறது, வலந்தலையின் நுணுக்கமான விரல் சொற்கள் பின்னால் போய்விட்டன.

வாய்ப்பாட்டில் இன்னொன்று புரிந்தது. கட்டை என்பது பாடுபவர் வைத்துக்கொள்ளும் சுருதியின் எண், சட்ஜம் என்பது அந்தச் சுருதியின் 'ச'. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி சட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணின் சட்ஜம் சுமார் 208. தூக்கிய மேல் பேஸ் ஆண் குரலின் நட்ட நடுவில் உட்காருகிறது, பெண் குரல் ஓரளவு தப்பிக்கிறது. அந்த இயர்போனில் ஆண் வித்வான் கீழே மந்தர ஸ்தாயிக்கு இறங்கியபோதெல்லாம் குரல் சுவரில் பட்டு எதிரொலிப்பதுபோல் உப்பியது. பெண் குரல் கச்சேரி தெளிவாகவே இருந்தது.

நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தைப் பதிவில் கேட்டேன். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் வேடம் கட்டுபவர் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடுகிறார், முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் ஏன் அப்படிக் கூர்மையாகக் கூவுகிறது? 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் மனிதக் காது மிகக் கூர்மை. மைக் வருவதற்கு முன்பே, கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் எட்டும்படி அமைந்த கலை அது. பேஸ் தூக்கலான இயர்போனில் அந்தக் கூர்மைதான் முதலில் மழுங்குகிறது. மிருதங்கமும் டோலக்கும் முன்னால் வந்து, கட்டியங்காரனின் வசனம் அவற்றுக்குப் பின்னால் நின்றுவிட்டது. கூத்துக்கு இந்த வகை இயர்போன் ஒத்துவரவில்லை, தயங்காமல் சொல்கிறேன்.

பறையும் அப்படித்தான், ஆச்சரியமாக இருக்கலாம். பறை என்றால் பேஸ் என்று நினைப்போம். ஆனால் அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சுவது எதற்கு? தோல் இறுகி ஒலி உயர்வதற்கு. சிண்டுக்குச்சி என்ற மெல்லிய குச்சியின் சுளீர்தான் பறையின் உயிர், அது மேலே இருக்கும் ஒலி. மேல் பேஸ் தூக்கினால் அந்தச் சுளீர் அடங்கி, மெத்தையைத் தட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த அதிர்வை எந்த இயர்போனும் வயிற்றில் கொண்டுவந்து இறக்காது.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக் கொடுப்பதோடு நிற்காமல் தனி மெட்டாகவே நடக்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ், மற்ற மூன்றும் 55, 73, 98. அதாவது நடை முழுக்க நம் இரண்டு மாடிகளுக்குள்தான். போன் ஸ்பீக்கரில் வருடக்கணக்கில் கேட்ட பாட்டில் இப்படி ஒரு மெட்டு அடியில் ஓடுகிறது என்று முதன்முதலில் தெரியவந்தபோது அக்கா மகனுக்குக் கண் விரிந்தது. பேஸ் தூக்கலான இயர்போன் தரும் உண்மையான சந்தோஷம் இது, இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மெட்டின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். சில சுரம் மட்டும் பெரிதாகப் பூமென்று வந்து, பக்கத்துச் சுரம் மெலிந்தால் பேஸ் ஒரே இடத்தில் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

1992-க்குப் பிறகு ரகுமானோடு கணினியில் செய்த அடி பேஸ் நம் பாட்டுகளுக்குள் நிறைய வந்தது. இந்த வகையும், இப்போதைய குத்துப் பாட்டுகளும் இந்த இயர்போனில் திருவிழாபோல் இருந்தன. ராப், எலக்ட்ரானிக் இசை, அதற்கும் இதேதான். 1980-இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட 808 தாளக் கருவியின் நீண்ட "பூம்" தான் இன்றைய ராப் இசையின் அடித்தளம். அந்த இசையை அமைப்பவர்களே பேஸை முன்னால் வைத்துத்தான் அமைக்கிறார்கள். ராக் இசையில் கிட்டார்கள் அடர்த்தியாக வரும் இடங்களில் கொஞ்சம் குழைந்தது, மற்றபடி குறையில்லை.

கருப்பு வெள்ளைக் காலப் பாடல்களில் அன்றைய பதிவுக் கருவிகளின் எல்லையால் அடி பேஸ் மிகக் குறைவு. இயர்போன் தூக்குவதற்கு அங்கே இசை இல்லை, பதிவின் இரைச்சலையும் உறுமலையும்தான் தூக்குகிறது. அவற்றுக்குப் பேஸைக் குறைத்துக்கொள்வது நல்லது.

## ரயிலில் ஒன்று, வீட்டில் ஒன்று

இயர்போனை மாற்றாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. போனில் ஈக்வலைசர் என்று ஒன்று இருக்கும்: ஒவ்வொரு பகுதி ஒலியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி. அதில் உள்ள எண்கள் டெசிபலில் இருக்கும், அது சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு. 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். ஆகவே மூன்று நான்கு என்பதே பெரிய மாற்றம்தான்.

குரல் தடித்திருந்தால் 125, 250 என்று போட்டிருக்கும் பட்டைகளை மூன்று டெசிபல் இறக்குங்கள். 60-ஐத் தொட வேண்டாம். அடி பேஸ் அப்படியே இருக்கும், குரல் போர்வையில் இருந்து வெளியே வரும். ட்ரெபிளை ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், காது சீக்கிரம் களைத்துவிடும். இறக்குவது எப்போதும் ஏற்றுவதைவிடப் பத்திரம்.

பேஸ் வேண்டும் என்று மொத்தச் சத்தத்தையும் கூட்டுவதுதான் ஆபத்தான பழக்கம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். ரப்பர் சரியாக அடைத்தால் குறைந்த சத்தத்திலேயே பேஸ் கிடைக்கும். சத்தப் பொத்தானைத் தொடும் முன் ரப்பரைத் தொடுங்கள்.

அக்கா மகன் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தபோது, 125-ஐயும் 250-ஐயும் இறக்கி, அன்றைக்குக் குறை சொன்ன அவன் நண்பனிடமே கொடுத்தேன். அதே பாட்டு. பாதி வரை பேசாமல் கேட்டான். "குரல் முன்னால வந்துடுச்சு மாமா" என்றான். அக்கா மகன் பிடுங்கிக் கேட்டுவிட்டு, "இன்னா மாமா, கும்மு கொறைஞ்சிடுச்சே" என்று முகம் சுளித்தான். அவன் போனில் இரண்டு அமைப்பாகச் சேமித்துக் கொடுத்தேன்: 'காட்பாடி ரயில்' என்று ஒன்று, இறக்காமல் அப்படியே. 'வீடு' என்று இன்னொன்று. அதற்குப் பிறகு, என் இடது காதுக்குப் போட்டிருந்த பெரிய ரப்பரைக் கழற்றி அவன் ரப்பரை மாட்டிக் கொடுத்தேன்.